பஸ் ஸ்டாண்டில் தொடங்கிய பாடத்திட்டம்

சபை நடத்துகிறவர்களுக்கான முதல் நாள் வகுப்பில் எல்லாருக்கும் 84 பக்கத்தில் ஒரு கைநூல் கொடுத்தேன். இலங்கை மலையகத்து ஹட்டனில் போட்டோகொப்பி அடித்து, சுருள் கம்பி போட்டு, அட்டையில் உயர உயரமான கட்டடங்களின் படமும் வைத்திருந்தேன். "நகர ஊழியத் தலைமைத்துவம்" என்று தலைப்பு. சென்னையிலும் மணிலாவிலும் நடந்த பயிற்சிகளின் குறிப்புகளைத் தேடிப் படித்து, மூன்று மாதம் இரவிரவாக உட்கார்ந்து எழுதியது. பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரை வரை நகரமயமாதல் பற்றிப் பேசினேன். டீக்கு எழும்புகிற நேரம், நோர்வூட் பக்கத்துப் போதகர் ஒருவர் கைநூலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், இந்த நகரத்துல லயம் எங்க இருக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளை உண்மையாகவே பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார். "அது பிறகு வரும் ஐயா" என்று சமாளித்துவிட்டேன். பிறகும் வரவில்லை. 84 பக்கத்திலும் லயம் என்ற சொல்லே கிடையாது. மிஞ்சிய பிரதிகள் இன்னும் வீட்டில் கிடக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அடித்ததால் பின்பக்கம் வெள்ளை. என் மகள் அதில் கணக்குப் போட்டுப் பழகுகிறாள்.

நான் அரசாங்கப் பாடசாலையில் 19 வருடம் தமிழும் கிறிஸ்தவமும் படிப்பித்தவள். இடையில் பகுதிநேரமாக இறையியலும் படித்தேன். எங்கள் பக்கத்துச் சிறிய சபைகள் சில சேர்ந்து, "டவுன் சபைய நடத்துறவங்களுக்கு ஒரு கோர்ஸ் செஞ்சு தாங்க டீச்சர்" என்று கேட்டபோது, ஆசிரியப் புத்தி நேராகப் புத்தகத்துக்கு ஓடியது. பாடத்திட்டம் என்றால் தலைப்புகளின் பட்டியல் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் மலையில் "டவுன்" என்பது வேறு ரகம். ஹட்டனின் பெரிய வீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே முடித்துவிடலாம். தலையை நிமிர்த்தினால் சுற்றிலும் கொழுந்து மலை. என் வகுப்பிலிருந்த ஒருவருடைய சபைக் குடும்பத்தைச் சொல்கிறேன்: அப்பா மூன்று கட்டை (மைல்) தள்ளித் தோட்டத்து லயத்தில் இருக்கிறார். மூத்த மகள் டவுனில் துணிக்கடையில் நிற்கிறாள். மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். நான்கு இடத்துக்கும் ஒரே போதகர். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர் அப்பா மட்டும். அப்படியென்றால் இது நகரச் சபையா, தோட்டச் சபையா?

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1854 இல், தேயிலைக்கு முன்னால், கோப்பிக் காலத்தில், வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு கண்டியில் ஒரு மிஷன் தொடங்கியது. பெயரே தமிழ்க் கூலி மிஷன்தான். அந்தக் காலத்துக்கு அது உறுத்தவில்லை போலிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். சனம் எங்கே படுத்து எழும்பியதோ அங்கேதான் சபை. கல்லில் கட்டிய ஆலயங்கள் பல துரைமாருடைய ஆராதனைக்காக எழும்பியவை. டிக்கோயாவில் 1878 இல் கட்டிய வார்லி ஆலயத்தின் முற்றத்தில் நின்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்க்கிறபோதெல்லாம், இங்கே எங்கள் பாட்டன்மார் எந்த வாசலால் வந்திருப்பார்கள் என்று யோசிப்பேன். இப்போது பிள்ளைகள் படித்து, கடைக்கும் ஆட்டோவுக்கும் அலுவலகத்துக்கும் என்று டவுனுக்கு இறங்கிவிட்டார்கள். சபையும் கூடவே இறங்கி, கடைகளுக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருக்கிறது. நடத்துகிறவர்களோ அதற்கென்று படித்தவர்கள் இல்லை. பிலிமத்தலாவையில் 1963 முதல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த, பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து சிங்களத்திலும் தமிழிலும் ஊழியர்களைப் பயிற்றும் இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் என் வகுப்பில் இரண்டு பேர். மற்றவர்கள் மேசன்மார், ஆட்டோக்காரர், ஆசிரியர்கள், ஒரு பார்மசிக்காரர்.

வகுப்பை முதலில் சனிக்கிழமைகளில் வைத்தேன். 22 பேர் பதிந்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு 9 பேர். "இந்தக் காலத்து ஆட்களுக்கு ஆவிக்குரிய தாகம் இல்லம்மா" என்றார் ஒரு மூத்தவர். அப்படியே நம்பிக்கொள்வது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனது கேட்காமல், வராத 13 பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு வாரத்தில் நல்ல ஹயர் கிடைக்கும் நாள் சனி. ஆசிரியருக்கு அன்றுதான் டியூஷன். பொகவந்தலாவைப் பக்கத்தவருக்கு, வகுப்பு நாலரைக்கு முடிந்தால் மேல் டிவிஷனுக்குப் போகிற கடைசி பஸ் தவறிவிடும். இருட்டில் ஒன்றரைக் கட்டை ஏறவேண்டும். ஒருவர் என்னென்னமோ சொல்லிவிட்டு, வைக்கப்போகும் நேரம், "டீச்சர், நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அந்தப் புத்தகத்தப் பார்த்ததும் பயந்து போய்ட்டேன்" என்றார்.

தாகம் இல்லாதவர் என்று 13 பேரில் ஒருவரையும் காணவில்லை.

அதன் பிறகு பாடத்திட்டத்தின் முதல் பக்கமே பஸ் நேரங்களாகிவிட்டது. யார் எங்கேயிருந்து வருகிறார், முதல் பஸ் எத்தனைக்கு, கடைசி பஸ் எத்தனைக்கு. எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. மாதம் ஒரு தரம், கடைகள் பூட்டு, பள்ளிக்கூடம் இல்லை. (1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லாமல், வாராந்த விடுமுறை நிலவின் நாலு பருவத்துப் போயாக்களைத் தொடர்ந்து போனது. அந்த ஐந்து வருடம் எங்கள் சபைகள் ஞாயிறு ஆராதனையை விடிகாலைக்கும் இரவுக்கும் எப்படியெல்லாம் நகர்த்தின என்று என் மாமா கதை கதையாகச் சொல்வார். போயாவைப் பார்த்து நாட்காட்டி போடுவது எங்களுக்குப் புதிது இல்லை.) ஒன்பதரைக்குத் தொடக்கம், மூன்று மணிக்கு முடிவு. ஜெபம் நீண்டாலும் மூன்று மணி மூன்று மணிதான்.

அடுத்ததாகத் தலைப்புகளைத் தூக்கி வைத்துவிட்டு, ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். "இந்த மாதம் உங்கள் சபையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஒரு சம்பவத்தை எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம்." எழுத வராதவர்கள் தேநீர் நேரத்தில் என் காதில் சொன்னார்கள், நான் எழுதிப் போட்டேன். எல்லாவற்றையும் ஒரு பழைய மைலோ டின்னில் சேர்த்தேன்.

அன்று இரவு வீட்டில் டின்னைத் திறந்து வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அம்மா வெளிநாட்டில், அப்பா குடி, 14 வயதுப் பிள்ளை பாட்டியிடம். பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது, பாட்டி சொல்லமாட்டேன் என்கிறார். கொழும்புக்குப் போன பையன் ஐஸ் போதைப் பழக்கத்தோடு திரும்பி வந்து வீட்டுச் சாமான்களை விற்கிறான். கணவன் வீடு கோயில் குடும்பம், மனைவி சபை. சாவு வீட்டில் சடங்கு யார் கையில்? வாடகை மாடியில் பாட்டுச் சத்தம் என்று ஆள் வந்து, பதிவு எங்கே, அனுமதி எங்கே என்று கேட்கிறார்கள். ஆறு தாளில், வேறு வேறு கையெழுத்தில், கடன்.

என் 84 பக்கத்தில் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

ஆகவே கடனிலிருந்து தொடங்கினோம். அந்த ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பு எடுப்பது என்றால் என்னவென்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

வேதாகமத்தில் நெகேமியா 5 ஆம் அதிகாரத்தை எடுத்தேன். மதில் கட்டுகிறவர் என்றுதான் நெகேமியாவைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். கட்டட நிதி சேர்க்கும் மாதத்தில் அவர் கட்டாயம் வருவார். ஆனால் மதில் வேலைக்கு நடுவில், சனங்களும் அவர்களுடைய மனைவிமாரும் கூக்குரலிடுகிறார்கள்: வயலையும் வீட்டையும் அடகு வைத்துத்தான் தானியம் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கவேண்டி வந்துவிட்டது என்று. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கை மட்டும் போட்டேன். 50,000 ரூபாய் கடன். 52 கிழமை. கிழமைக்கு 1,250 ரூபாய் கட்டு. மொத்தம் எவ்வளவு?

65,000. ஆட்டோக்காரர்தான் முதலில் சொன்னார். "வட்டி பதினையாயிரம். நூத்துக்கு முப்பது."

"கடைசிக் கிழமை வரைக்கும் 50,000 உங்க கையிலயா இருக்கு?" என்று கேட்டேன். பார்மசிக்காரர் கொப்பியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முழு 50,000க்கும் போட்டிருக்கிறது. சராசரியாகக் கையில் இருப்பது பாதி அளவுதான். அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி நூற்றுக்கு ஐம்பதையும் தாண்டும். தோட்டத்து நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாய் ஆனதற்குப் பிறகும், ஒரு கிழமைக் கட்டு ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, தின்றுவிடும். இது ஒரு லோனுக்கு. நாலு லோன் இருக்கும் வீடுகள் உண்டு.

பிறகு 11 ஆம் வசனம். "நூற்றுக்கொன்று வீதமாக" வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் நெகேமியா. அதை மாதக் கணக்காக எடுத்தாலும் வருடத்துக்குப் பன்னிரண்டுதான். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நோர்வூட் போதகர் சொன்னார்: "அப்ப நெகேமியா அந்தளவுக்குக் கோவப்பட்டது, நம்ம லோன்காரங்கள விட நல்லவங்கமேலயா?"

சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன், கணவரோடு சும்மா கூட வந்திருந்த ஒரு போதகரின் மனைவி பேசினார். அதுவரை அவர் சமையல் பக்கத்தில்தான் நின்றார். "பாஸ்டருக்குத் தெரியாது, நான் சொல்றேன். நம்ம செவ்வாய்க்கிழமை சிஸ்டர்மார் ஜெபக்கூட்டம் நடக்குற வீட்டுலதான், அதே நாள் காலையில லோன் குரூப் கூடுது. கட்ட முடியாத பொம்பளைங்க அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாங்க. ஜெபத்துக்கும் வாறதில்ல. நீங்க பின்வாங்கிட்டாங்கன்னு பிரசங்கம் பண்றீங்க."

ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற குழு அது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும். அந்த நால்வரும் அதே சபையில் அதே வாங்கில் உட்காருகிறவர்கள். இதைப் புத்தகம் எழுதியும் எனக்குத் தெரியாது, பத்து வருடம் போதகராக இருந்தும் அவருக்குத் தெரியாது.

அன்று தீர்வு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஜெபக்கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். இரண்டு பேர் திரும்ப வரத் தொடங்கினதாக அடுத்த போயாவில் அந்த அக்கா சொன்னார். இன்னொரு சபை உற்சாகம் மிகுந்து, காணிக்கையிலிருந்து தாங்களே வட்டியில்லாக் கடன் கொடுக்கத் தொடங்கியது. வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் போதகரே கடனைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போகும் ஆளாகிவிட்டார். அவர் ஜெபிக்கப் போனாலும் கதவு திறக்கவில்லை. மற்றவர்களுக்குக் கைகொடுத்தது சின்னச் சின்ன வேலைகள்தான்: கட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து மொத்தத்தை ஒரு தாளில் எழுதுவது, தவணையை நீட்டிக் கேட்கக் கிளைக்கு உடன் போவது, ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுப்பதை நிறுத்த வைப்பது.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பாடத்திட்டத்துக்கு ஒரு வடிவம் வந்தது. இறையியல் கல்வியை ஊழியர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் முறை குவாத்தமாலாவில் 1963 இல் தொடங்கியது. நம்ம பிலிமத்தலாவைக் கல்லூரி தொடங்கின அதே வருடம். அங்கே பிரஸ்பிட்டேரியன் கல்லூரியில் தலைநகருக்கு வந்து படித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்பிப் போகாததைக் கண்டு, கல்லூரியையே கிராமத்துக்கு அனுப்பினார்கள். டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு ஒரு வேலியை உவமையாகச் சொன்னார்: மேல் கட்டை படிப்பு, கீழ்க் கட்டை களவேலை, இரண்டையும் பிடித்து நிற்கிற தூண்கள்தான் ஒன்றுகூடல்கள். வேலி உவமையை வகுப்பில் சொன்னேன், ஒருவர் முகத்திலும் அசைவில்லை. தண்டவாளம் என்று மாற்றிச் சொன்னேன். ஒரு தண்டவாளம் வீட்டில் படிப்பது, மற்றது டவுனில் செய்வது, போயா நாள் வகுப்புதான் சிலிப்பர் கட்டை. நானுஓயாப் பக்கத்துக்காரர் உடனே சொன்னார், "சிலிப்பர் நெருக்கமா இல்லன்னா வளைவுல கோச்சி பாஞ்சிடும் டீச்சர்." மாதத்துக்கு ஒரு கட்டை போதாது என்று அவர் சொன்னது சரி. நடுவில் பதினைந்து நாளில் ஒரு போன் அழைப்பைச் சேர்த்தோம்.

வீட்டுப் படிப்பு மாதத்துக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் கிடையாது, எழுத்துப் பெரிது. டவுன் வேலை ஒன்றே ஒன்று. இப்போது நான் பாடம் எழுதுகிறபோது கடைசியிலிருந்து தொடங்குகிறேன்: அடுத்த போயாவுக்குள் இவர் எந்த வீட்டுப் படியை ஏறி என்ன செய்திருக்க வேண்டும்? அதைச் செய்ய அவருக்கு எது தெரிய வேண்டும்? அதற்கு எட்டுப் பக்கத்தில் எது போதும்? மிச்சத்தை, எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும், வெட்டிவிடுவேன். வெட்டுவது வலிக்கும். ஆசிரியர்மாருக்கு இன்னும் வலிக்கும்.

டவுன் வேலைகளில் பெரிய அடி கொடுத்தது பஸ் ஸ்டாண்ட் வேலை. ஒரு ஞாயிறு காலை, ஆராதனையை உதவி ஊழியரிடம் விட்டுவிட்டு, எட்டரையிலிருந்து பத்தரை வரை தங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்று எண்ணச் சொன்னேன். தோட்டத்திலிருந்து எத்தனை பஸ், யார் இறங்குகிறார்கள், எங்கே போகிறார்கள். பாதிப்பேர் எதிர்த்தார்கள். "ஞாயித்துக்கிழமை ஆராதனைய விட்டுட்டு பஸ் ஸ்டாண்டா?" ஒருவர் கடைசிவரை போகவில்லை. போனவர்கள் திரும்பி வந்து சொன்னது எல்லாமே ஒன்று: தோட்டத்துக்கு ஓய்வு நாள் ஞாயிறு, ஆகவே டவுனுக்குத் திருவிழா ஞாயிறுதான். சனம் சாமான் வாங்க, நகை அடகு வைக்க, வெளிநாட்டுக் காசு எடுக்க, பிள்ளையை டாக்டரிடம் காட்ட இறங்குகிறது. கடையில் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அன்றுதான் மூச்சுவிட நேரமில்லாத நாள். நாங்களோ அதே ஒன்பது மணிக்கு மாடியில் கதவைச் சாத்திப் பாடுகிறோம். கீழே படிக்கட்டில் ஒரு தாய் கைக்குழந்தையோடு மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள்.

இதைப் பார்த்ததும் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஒரு சபை கடைப் பிள்ளைகளுக்காக இரவு ஏழரைக்கு இன்னொரு ஆராதனை தொடங்கியது. ஒரு சபை படிக்கட்டில் இரண்டு வாங்கும் பிளாஸ்கில் டீயும் வைத்தது. அது இன்னும் நடக்கிறது. மற்றவர்கள் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடி ஒன்பது மணிக்குத்தான் பாடுகிறார்கள். ஆராதனை நேரம் என்பது மூப்பர்மாரின் சொத்து. ஒரு வகுப்பால் அசைக்கிற சாமான் இல்லை அது.

முதல் அழைப்புக் கடிதத்தில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். "தலைமைப் போதகர்" என்று முகவரி போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கடன் நாளில் பேசிய அக்கா இல்லாவிட்டால் இந்தப் பிழை எனக்கு உறைத்திருக்காது. வீடு வீடாகப் போகிறவர்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தவர்கள் எல்லாம் சிஸ்டர்மாரும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும்தான். இரண்டாம் தொகுதிக்குச் சபைக்கு இரண்டு பேர், ஒருவர் கட்டாயம் பெண் என்று எழுதினேன். இரண்டு சபைகள் விலகிக்கொண்டன. விலகட்டும் என்று விட்டேன். அதில் எனக்கு இன்னும் வருத்தமில்லை.

ஒரு பெண் போதகர்களுக்குப் படிப்பிப்பதில் வேடிக்கையும் உண்டு. ஒரு மூத்த பாஸ்டர், நான் பாடம் முடித்ததும், "டீச்சரம்மா அழகாச் சொன்னாங்க" என்று எழும்பி, அதே பாடத்தை இருபது நிமிடம் பிரசங்கமாகத் திரும்பச் செய்வார். மூன்று மாதம் பொறுத்தேன். நான்காம் மாதம் அவரை முன்னால் அழைத்து உட்காரவைத்து, "ஐயா, 83 கலவரத்தப்போ உங்க சபையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். எதிர்த் தெருவிலிருந்த சிங்களக் குடும்பம் ஒன்று பதினொரு பேரை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். அறையே அசையவில்லை. அதன் பிறகு அவர் என் பாடத்தைத் திரும்பச் சொல்வதில்லை. அவருக்கென்று ஒரு பாடம் கிடைத்துவிட்டது.

பரீட்சை எழுத்தில் இல்லை. எழுத்துப் பரீட்சை வைத்தால் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவரைத்தான் கண்டுபிடிக்கலாம். மூன்று நிமிடத்துக்கு மேற்படாத வாட்ஸ்அப் குரல் பதிவு: "பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார், அவருக்குச் சொல்லுங்கள்." முதல் பதிவுகள் எல்லாம் பிரசங்கக் குரலில் வந்தன, "ஆகையால் பிரியமானவர்களே" என்று. பஸ்ஸில் அப்படிப் பேசினால் பக்கத்து ஆள் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விடுவார் என்று திருப்பி அனுப்பினேன். வீட்டுக் குரலில் பேசப் பழக நாலு மாதம் பிடித்தது. பாடத்திலேயே இதுதான் கடினம் என்று பலர் சொன்னார்கள்.

அனுமதி, பதிவு விஷயத்துக்கு நான் வாய் திறக்கவில்லை. தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கூப்பிட்டேன். அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையிடம் கொடுக்கிறது; 10 ஆம் உறுப்புரை எவருக்கும் தான் விரும்பும் மதத்தைக் கொள்ளும் சுதந்திரத்தைக் கொடுக்கிறது; 14 ஆம் உறுப்புரை அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. புதிய வழிபாட்டிடம் கட்ட அனுமதி கேட்கிற 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இல்லை, அமைச்சு விட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சொன்ன புத்திமதிதான் எல்லார் கொப்பியிலும் ஏறியது: வந்தவரை உட்காரச் சொல்லுங்கள், டீ கொடுங்கள், கேட்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பிரதியை வைத்திருங்கள், கூட்டமாகப் போகாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். இதையெல்லாம் சிங்களத்தில் சொல்லத் தெரிய வேண்டுமே! துணிக்கடையில் 12 வருடம் நின்ற ஒரு தங்கச்சிதான் அந்த மாதத்து ஆசிரியை. பிரதேச செயலகம், பொலிஸ், பக்கத்து விகாரையின் ஹாமதுரு (பிக்கு) என்று மூன்று இடத்துக்கும் பேசிப் பழகினோம். இரண்டு மாதம் கழித்து ஒருவர், பிரச்சினை எதுவும் வருமுன்னே, ஹாமதுருவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்றால், "மழையப் பத்தி" என்றார்.

காசு விஷயம் சுருக்கமாக: இலவசமாக வைக்காதீர்கள். மாதம் 300 ரூபாயும் ஒரு சுண்டு அரிசியும் வாங்கினோம். அரிசி மத்தியானச் சாப்பாட்டுக்கு, காசு போட்டோகொப்பிக்கு. சான்றிதழ் கொடுப்பதா என்று நான் யோசித்தேன், அவர்கள் யோசிக்கவில்லை. பல பேருக்கு வாழ்க்கையில் முதல் சான்றிதழ், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 2022 இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் வந்தபோது எல்லாரும் ஹட்டனுக்கு வர முடியவில்லை. நடந்து போகக்கூடிய தூரத்தில் மூன்று இடமாகப் பிரிந்து, பழைய மாணவர்களே நடத்தினார்கள். நான் இல்லாத அறைகளில்தான் பேச்சு அதிகம் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

மைலோ டின் இன்னும் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையை இறக்கிவிட்டுப் போனதால் டிசம்பர் போயாவுக்கு வகுப்பு இல்லை. பாதை இல்லை, சிக்னல் இல்லை, அவரவர் மண்டபத்தில் அவரவர் சனம் படுத்திருந்தது. ஜனவரி போயாவுக்கு வந்தவர்கள் 16 பேர். அரைத்தாள்களில் 11 ஒரே கேள்வி: மண்சரியும் இடம், இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், எங்கே போவது? ஒருவர் அதன் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார். லயக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. சேதப் படிவத்தில் உரிமையாளர் என்று கேட்கும் இடத்தில் யாருடைய பெயரை எழுதச் சொல்வது?

பெப்ரவரிக்கு "வாலிபர் ஊழியம்" என்று எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்து மேசை லாச்சியில் போட்டுவிட்டேன். நோர்வூட் போதகர் தனக்குத் தெரிந்த கிராம சேவகரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். படிவத்தை மட்டும் நான் கொண்டுவர வேண்டும். நேற்று கடைக்குப் போய் இரண்டு பக்கத்தை நீட்டினேன், 20 பிரதி. கடைத் தம்பிக்கு என்னை முதல் கைநூலிலிருந்து தெரியும்.

"கம்பி போட்டு, அட்டை வைக்கணுமா டீச்சர்?"

"வேணாம் தம்பி. ரெண்டு பக்கமும் அடிங்க."